எல்லாச் சத்தமும் வலப்பக்கம்

எனக்குக் காது கேட்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். மாதா கோயிலில் கை குலுக்க வருகிறவர்கள்கூட என் வலது காதருகே குனிந்து, கிணற்றுக்குள் விழுந்தவளைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறார்கள். கத்த வேண்டாம். நீங்கள் சொல்வது கேட்கிறது. நீங்கள் எங்கே நின்று சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாளுக்கு முன் பூசை முடிந்து வரும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தம்பிக்கும் இதே கருவியை வைக்கப் போகிறார்களாம். எப்படி இருக்கும் என்று கேட்டார். வாசற்படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா இது? எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை மரண அறிவிப்பு உட்பட ஒரு வரி விடாமல் வாசிக்கிறவள் என்பதால் எழுத வரும் என்ற தைரியம்.

என் பெயர் செசிலியா. என் வீட்டுக்காரர் ராயப்பன். சிரம்பானுக்கு வெளியே ஓர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். லயத்து வீடுகளிலிருந்து நம் ஆட்கள் ஒவ்வொருவராகப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஒரே மகள் ரெஜினாவும் அம்பாங்கானில் வீடு வாடகைக்கு எடுத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் வந்துருங்கம்மா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். நாங்கள் போகவில்லை. காரணம், மரவரிசைக்குள் நாங்கள் வேலை செய்கிற அந்த வேலைக்காடு எங்களுக்குப் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் பட்டணத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நாங்கள் சோடியாக வேலை செய்கிறவர்கள். அவர் மேலே வெட்டுவார், நான் கீழே. நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து நின்று முதலில் மட்டையை அறுப்பார், பிறகு பழக் குலையை. நான் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, விழுந்த மட்டைகளை இழுத்து வரிசைக்கு நடுவே அடுக்குவேன். செம்பனை மட்டை தென்னை மட்டை போல இல்லை. அடிப்பக்கம் முழுக்க முள். பழைய மரத்து மட்டை என்றால் ஓர் ஆளைச் சாய்த்துவிடும் கனம்.

அதனால் மட்டை அறுபடும் நேரத்தில் அவர் "மட்டை!" என்பார். குலையென்றால் "குலை!" என்பார். நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன், அதற்கு நேரமும் இருக்காது. அவர் நிற்கிற பக்கத்து மட்டைதான் விழும் என்பதால், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கால் தானே நகர்ந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் பழகியது. வீட்டில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம், வேலைக்காட்டில்தான் விடிந்ததிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அந்த இரண்டு சொல்லும் எங்களுக்குள் பேச்சாகத்தான் இருந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மறுநாள் கழுத்தை வளைக்க முடியவில்லை, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அவர் என்னைப் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றியது நினைவிருக்கிறது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் தள்ளுபடுக்கையின் சக்கரம் கிறீச்சிட்டது நினைவிருக்கிறது. நான் இரண்டு காதாலும் கேட்ட கடைசிச் சத்தம் அந்தத் துருப்பிடித்த சக்கரம்தான். நல்ல பாட்டாக ஏதாவது அமைந்திருக்கலாம்.

கண் விழித்தபோது மேலே காற்றாடி சுற்றியது, சத்தமில்லை. தாதி வாயசைத்தாள், சத்தமில்லை. ஏன் எல்லாரும் விளையாடுகிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. ரெஜினா கைப்பேசியில் எழுதிக் காட்டினாள்: "அம்மா, காய்ச்சல் மூளைக்குப் போயிருச்சு. இப்ப உயிருக்கு பயம் இல்ல. காது மட்டும் கேக்கல." நான் அதை வாசித்தேன். பிறகு, பசிக்கிறது என்று சொன்னேனாம். என் குரலே எனக்குக் கேட்காததால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன்.

நான் அழவில்லை. எல்லாரும் அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, கடித்தாலும் நம் கன்னம் என்று தெரியாதே, மனம் அப்படி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்து, திரை போட்டு, கொண்டுபோனார்கள். நான் பார்த்துக்கொண்டே கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

டாக்டர் நம் ஆள்தான், சின்ன வயது. வெள்ளைப் பலகையில் தமிழில் எழுதி விளக்கினார். எழுத்தில் பிழை இருந்தது, அன்பில் குறையில்லை. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் கிருமி தாக்கியிருக்கிறது, அது உள்காதுக்கும் போய்விட்டது. உள்காது என்பது நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு சின்னக் குழல். சத்தத்தை மூளைக்கு அனுப்புகிற மெல்லிய மயிர்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அவை கருகிப்போயின. இன்னொரு தொல்லை, இந்தக் காய்ச்சலுக்குப் பின் அந்தக் குழலுக்குள் எலும்பு வளர ஆரம்பிக்கும். ஸ்கேனில் என் இடது காது ஏற்கெனவே அடைத்துப்போயிருந்தது. வலதில் இன்னும் வழி இருந்தது, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். அடைவதற்குள் அந்தக் குழலுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்திவிட்டால், வெளியே மாட்டும் கருவி சத்தத்தை மின்சாரமாக்கி நேரே நரம்புக்கு அனுப்பும். காது செத்தாலும் நரம்பு உயிரோடு இருக்கிறது என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

நான் கேட்டது ஒன்றுதான். "மறுபடியும் வேலைக்காட்டுக்குப் போக முடியுங்களா டாக்டர்?"

என்ன வேலை என்று அவர் பலகையில் எழுதினார். ரெஜினா அவரிடம் ஏதோ சொன்னாள். பழம் பொறுக்குகிற வேலை என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அது பொய்யில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதினார்: போகலாம். மேலே இருந்து மட்டை விழும் என்று அவருக்கு யார் சொல்வது? எங்களுக்கே அதைச் சொல்லத் தோன்றவில்லை. மீன் பிடிக்கிறவர் தண்ணீர் ஈரமாக இருக்கும் என்றா சொல்லிக்கொண்டிருப்பார்? போகலாம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் தாண்டினேன்.

அறுவைக்குக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. ரயிலில் போனோம். உள்காது கெட்டால் நடையும் கெடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நிமிர்ந்து நின்றால் தரை சரிந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். காத்திருக்கும் இடங்களில் எங்கள் எண்ணைக் கூப்பிடும்போது என் மணிக்கட்டில் விரலால் தட்டுவார். தட்டினால் எழு, அழுத்தினால் உட்கார். கூப்பிட்டே பழகிய மனுஷன் இப்படித் தட்டக் கற்றுக்கொண்டார். கருவியின் விலையைப் பற்றி அவரும் ரெஜினாவும் மூலையில் நின்று பேசுவார்கள்; நான் பார்த்தால் நிறுத்திவிடுவார்கள். சமூகநல அலுவலகத்திலிருந்து உதவி கிடைத்தது என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள்.

அறுவைக்கு முந்தின நாள் வலது காதுக்குப் பின்னால் முடியை மழித்தார்கள். மீதி முடி பரட்டையாகக் கிடந்தது. ரெஜினா வேலைக்குப் போயிருந்ததால் அவரே சீப்பை எடுத்தார். எண்ணெய் தடவி, வாரி, பின்னி, முனையில் ரப்பரைச் சுற்றி இறுக்கினார். அரிவாளைக் கம்பில் எப்படிக் கட்டுவாரோ அப்படித்தான் கட்டினார். தாதி அதை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலைத் தேடினாள். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து உதட்டை மட்டும் இழுத்துக் காட்டினேன்.

அறுவை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன். எழுந்தபோது தலையில் கட்டு, வாயில் இரும்பு ருசி. அப்போதும் காது கேட்காது என்பதை அந்த அம்மாவின் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். காயம் ஆறும்வரை கருவியை மாட்டமாட்டார்கள். அந்த வாரங்களை அம்பாங்கானில் மகள் வீட்டில் சுவரைப் பிடித்து நடந்து கழித்தேன். ரெஜினா தினமும் வேலை முடிந்து வரும்போது கடலையும் சீனியும் வைத்து மடித்த, எனக்குப் பிடித்த அப்பம் பாலிக் வாங்கி வருவாள். தின்றேன். ருசியாக இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கும்.

கருவியை மாட்டிய அன்று மூன்று பேரும் போனோம். காதுக் கருவியைச் சரிபார்க்கிற பெண் மலாய்க்காரி, நோர் என்று பெயர். காதுக்குப் பின்னால் ஒரு பழுப்பு வில்லையை வைத்தாள். தோலுக்கு அடியில் இருக்கும் காந்தம் அதை டக்கென்று பிடித்துக்கொண்டது. முதலில் வெறும் ஊதல் சத்தம். பிறகு தகர டப்பாவுக்குள் யாரோ பேசுவது போல. ரெஜினா அழுதுகொண்டே "அம்மா" என்றாள். சின்னப் பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்து எலி பேசியது போல இருந்தது. அப்பாவும் பேசட்டும் என்றாள் நோர். அவர் தொண்டையைக் கனைத்தார், கூரையைப் பார்த்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

காலையில் எனக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "அப்பா! வேற ஒண்ணும் கெடைக்கலையா லா?" என்று ரெஜினா அழுகையோடு சிரித்தாள். நான் "சாப்ட்டேங்க" என்றேன். அவர் குரல் அவர் குரலாக இல்லை. ஆனால் சொல் புரிந்தது. வேலைக்காட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

பயிற்சி நீண்டது. மாதங்கள் போகப் போக எலிக் குரல் மனிதக் குரலாகியது. குழாய்த் தண்ணீர், பிரஷர் குக்கர், கோயில் மணி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நோர் கை தட்டிப் பாராட்டினாள். பிறகு ஒருநாள் என்னை ஓர் அறையின் நடுவில் உட்கார வைத்தாள். எனக்கு முன்னால் அரைவட்டமாக ஒலிபெருக்கிகள். சத்தம் எதிலிருந்து வருகிறதோ அதைக் கையால் காட்டச் சொன்னாள். சத்தம் வந்தது, வலது கோடியைக் காட்டினேன். மறுபடி வந்தது, வலது கோடி. எல்லாமே அங்கிருந்துதான் வந்தது, எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ரெஜினா சிரித்துக்கொண்டிருந்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

நோர் மலாயில் பொறுமையாக விளக்கினாள். இரண்டு காது இருப்பது அழகுக்கு இல்லை. இடப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் இடது காதுக்கு முதலில் போகும், கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்குதான் முந்தும். வலது காதுக்குக் கொஞ்சம் பிந்தி, தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கி வரும். மூளை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இடப்பக்கம் என்று முடிவு செய்கிறது. இரண்டு பக்கமும் கருவி வைத்தவர்களுக்கு அந்தத் திறமை ஓரளவு திரும்பும், முன்போல் முழுதாக வராது. எனக்கோ ஒப்பிட இன்னொரு காதே இல்லை. சத்தத்தை வாங்கும் கருவி வலப்பக்கம் இருப்பதால் எல்லாம் வலப்பக்கம் கேட்கிறது. இடது காதுக்குள் எலும்பு நிரம்பிவிட்டதால் அங்கே வைக்க வழியில்லை.

"மாக்சிக் கண்ணால தேடணும்," என்று, என்னைப் பெரியம்மா முறையில் மாக்சிக் என்றே அழைத்து அவள் சொன்னதை ரெஜினா தமிழில் சொன்னாள். "சத்தம் கேட்டா ஒடனே திரும்பி, சுத்திப் பாக்கணுமாம்மா. சாலை தாண்டுறப்ப கவனமா இருக்கணுமாம்."

சாலை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மோட்டார், லாரி, பஸ். தோட்டத்தில் சாலை ஏது? அவர் நிம்மதியாகத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன்.

தடுமாற்றம் நின்று நடை தேறியதும் வேலைக்குப் போனேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கருவியை எட்டிப் பார்த்துவிட்டு, "கேக்குதா அக்கா?" என்றார். "ஒங்க கொறட்டைகூடக் கேக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பழையபடி எங்களைச் சோடியாகவே போட்டார். முதலில் குட்டை மரங்கள் இருந்த பகுதி. மட்டை விழுவது கண்ணுக்கு எதிரிலேயே தெரியும், தொந்தரவில்லை. பிறகு பழைய மரங்கள் நிற்கிற பகுதிக்குப் போனோம்.

நான் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மட்டை!" என்று கேட்டது. தெளிவாகக் கேட்டது, அவருடைய பழைய குரலே திரும்பிவிட்டது போல. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து முதல்முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நோர் சொன்னது நினைவுக்கே வரவில்லை. வலப்பக்கம் கேட்டது, கால் தானாக இடப்பக்கம் நகர்ந்தது.

அவர் இடப்பக்கம் நின்றிருந்தார்.

மட்டை என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. தொப்பி போயிற்று, தோளில் சட்டை கிழிந்து முள் கீறியது. தலையில் இருந்த வில்லையும் தெறித்துவிட்டது. உடனே உலகம் அடங்கியது. நிமிர்ந்தபோது அவர் கம்பை எறிந்துவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார், வாய் முழுக்கத் திறந்திருந்தது. என் தலையைத் தடவினார், கையைத் தடவினார், உயிரோடு இருக்கிறேனா என்று முகத்தையே பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் வில்லை இல்லாததைக் கண்டு, முழங்காலிட்டு மட்டைக்குள் கையை விட்டுத் தேட ஆரம்பித்தார். பழுப்புச் சருகில் பழுப்பு வில்லை. கையெல்லாம் முள் ஏறி இரத்தம் வந்தது. "விடுங்க, விடுங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், என் குரல் எனக்குக் கேட்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டார். சட்டையில் துடைத்து, என் தலையில் வைத்தார். டக். அப்போது கேட்டது ஓர் ஆள் விம்மி விம்மி அழுகிற சத்தம். அது என் வலப்பக்கமிருந்து வந்தது. வலப்பக்கம் திரும்பினேன், மரம்தான் நின்றது. இடப்பக்கம் திரும்பினேன், அவர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் பார்க்காத காட்சி. அவர் அழுவதைக்கூட எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று உறைத்தபோது எனக்கு அழுகை வந்தது. காய்ச்சலுக்கும் அறுவைக்கும் காது போனதற்கும் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் பழச் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதோம்.

"நானே கூப்ட்டுக் கொன்னுருப்பேன் புள்ள," என்றார். அதற்குமேல் அன்று வேலை செய்யவில்லை.

மறுநாள் அவரே மண்டோரிடம் போய்ச் சொன்னார். என்னை நாற்றுப் பண்ணையில் போட்டார்கள். பையில் மண் நிரப்பி, செம்பனைக் கன்று வைத்து, தண்ணீர் விடுகிற வேலை. மேலே இருந்து எதுவும் விழாது. ரெஜினா மறுபடியும் அம்பாங்கானுக்குக் கூப்பிட்டாள், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். வீட்டில் அவர் இப்போது எதிரில் வந்து நின்று, நான் பார்த்த பிறகுதான் பேசுகிறார். முன்னைவிட அதிகமாகவே பேசுகிறார். அந்த அம்மாவின் தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: கருவியை வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு திரும்பி வரும். ஆனால் உங்கள் வேலை என்ன, சத்தம் வந்தால் எந்தப் பக்கம் நகர்வீர்கள் என்பதை நீங்களே டாக்டரிடம் விளக்கிச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியாது.

என் வீட்டுக்காரர் இப்போது தனியாகத்தான் வெட்டுகிறார். வேறு சோடி வேண்டாம் என்றுவிட்டார். வெட்டி முடித்த பிறகு பொறுக்குவதற்கு ஆள் வருவார்கள், வெட்டும்போது கீழே யாரும் இல்லை. ஆனாலும் பண்ணைக்கு அருகே உள்ள மரங்களில் வெட்டும் நாட்களில், காற்றில்லாத காலையில் எனக்குக் கேட்கிறது. மட்டை. கொஞ்சம் கழித்துக் குலை.

"யாருக்குங்க கூப்புடுறீங்க?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன்.

"பழக்கம் லா," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. தேடியும் பார்ப்பதில்லை. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் கையில் இருக்கும் மண்ணை அப்படியே போட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நிற்கிறேன்.